உங்கள் அருகில் இன்னொருவர் இருக்கிறார்

மார்ச் 4

அக்கா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. என் கல்யாணத்தன்று பதிவு அலுவலக வாசலில் அத்தனை பேர் முன்னால் நீ என்னை அறைந்ததையும், நான் உன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததையும் நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். "அவன் கை சும்மா இருக்காதுடி, பாத்தாலே தெரியுது" என்று அன்றைக்குச் சொன்னாய். மூன்று வருஷமாக உன் வாக்கு பலித்துக்கொண்டுதான் இருக்கிறது. சந்தோஷமா? சந்தோஷப்பட்டு முடித்துவிட்டு மேலே படி.

என் வீட்டுக்காரருக்கு டிங்கரிங் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தனி அறை கட்ட வேண்டுமாம். அவர் பெயரில் எந்தக் கம்பெனியும் கடன் கொடுப்பதில்லை. என் பெயர் இன்னும் கெடாமல் இருக்கிறது. போன வாரம் ஒரு லோன் ஆப்பை என் பெயரில் திறந்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, போனை அவரே என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் அவரே தட்டினார். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன். தலையைத் திருப்பச் சொன்னது, திருப்பினேன். "சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ" என்றார், வைத்துக்கொண்டேன். கடைசியில் சிவப்பு எழுத்தில் வந்தது: "உங்கள் அருகில் இன்னொருவர் இருப்பதாகத் தெரிகிறது. தனியாக இருக்கும்போது மீண்டும் முயலுங்கள்."

அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நான் கோள் சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "போன்கிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு. என் இடது கையைப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மணிக்கட்டில் இரண்டு எலும்பு போயிற்று. பட்டறையில் ஒடுக்கு எடுக்கிறவர், வீட்டில் ஒடுக்கு போடுகிறார்.

அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே பொடியாக, ஆளைச் சரிபார்ப்பது என்று உன் கம்பெனி பெயர் இருந்தது. நீ அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உன் மெஷினிடம் சொல்லி அடுத்த தடவை 'சரி' என்று சொல்ல வை. கடன் வரட்டும், நான் கட்டிக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் கையும் போய்விட்டால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வர எனக்கு இருக்கும் ஒரே சாக்கு அந்த வேலைதான்.

என் போனை அவர் தினமும் நோண்டுகிறார். அதனால்தான் காகிதம். பதிலைச் சலவைக்கூட முகவரிக்குப் போடு. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அக்கா வாங்கி வைப்பாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

உன் தங்கை


மார்ச் 11

வாயாடிக்கு,

மூன்று வருஷம் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, எலும்பு முறிந்த பிறகுதான் உனக்கு அக்கா ஞாபகம் வருகிறதா? சந்தோஷமா என்று வேறு கேட்கிறாய். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகக் கழிவறையில் போய் நின்று அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கல்நெஞ்சுக்காரி என்பாய்.

உன் மெஷினிடம் சொல்லு என்கிறாய். அது என் மெஷின் இல்லை, நான் சொன்னால் கேட்கிற ரகமும் இல்லை. "நீ திருடனா?" என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? ஆள் தன்னை அறியாமல் செய்வதை மெஷின் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். தன் பெயரை யாரும் யோசிக்காமல் தட்டுவார்கள். அடுத்தவர் பெயரைத் தட்டுகிறவன் எழுத்துக்கு எழுத்து நிற்பான். பிறந்த தேதியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவான். தன் முகத்தைத் தானே எடுக்கும்போது போன் ஒரு மாதிரி சாயும், எதிரில் நிற்பவன் பிடித்தால் வேறு மாதிரி சாயும். பயந்தவர்களின் கண் திரையில் நிற்காது, யாரையோ தேடிப் போகும். இதில் ஒன்று இருந்தால் பரவாயில்லை. நாலைந்து சேர்ந்தால் மெஷின் நிறுத்திவிடும். அதற்கே குழப்பம் வந்தால் என் மேசைக்கு வரும். எங்கள் பிரிவில் இவற்றைச் சத்தமில்லாத சாட்சிகள் என்போம். வாயால் சொல்வதைவிட இவற்றைத்தான் நாங்கள் நம்புகிறோம்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தப்பான ஓர் ஆளைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை. ஒருத்தி பெயரில் எவனோ வாங்கும் கடனை அவள் ஆயுளுக்கும் கட்டுகிறாள். அதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். உனக்காகக் கண்ணை மூடினால் நாளைக்கே அவன் உன் பெயரில் இன்னும் பத்துக் கடன் வாங்குவான். முடியாது.

கடனும் வேண்டாம், அவனும் வேண்டாம். போலீசுக்குப் போ. இல்லையென்றால் பஸ் ஏறி இங்கே வந்துவிடு. என் வீட்டில் ஓர் அறையும் கட்டிலும் சும்மா கிடக்கின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்த பிறகு அவன் என்ன செய்தான்? கையை உடைத்ததைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போனை வேறு விதமாக வைத்துப் பார்த்தானா? உடனே எழுது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் பிரசங்கத்தைப் பாய்லர் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா நல்லாத்தான் பேசுறா, ஜட்ஜம்மா கெட்டா போ" என்றாள்.

பஸ் ஏறு என்கிறாய். போன வருஷம் பஸ்கூட ஏறவில்லை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பாய்லர் அக்கா வீட்டுக்குத்தான் ஓடினேன். மறுநாள் காலையில் அவன் சுத்தியலோடு வந்தான். என்னைத் தொடவே இல்லை. கதவைத் திறந்த பாய்லர் அக்கா வீட்டுக்காரரின் முழங்காலில் ஒரே போடு. சில்லு நொறுங்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. "அடுத்து யார் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு, நான் முன்னாடியே போய் நிக்கிறேன்" என்றான். போலீஸ் வந்தது, டீ குடித்தது, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது, தன் ஜீப்பை ஒடுக்கு எடுக்க அவன் பட்டறையில் விட்டுவிட்டுப் போனது. அந்த மனிதர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவர் மனைவிதான் உன் கடிதங்களை எனக்கு வாங்கி வைக்கிறாள். உன் கட்டிலுக்கு நான் வந்தால் உன் முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறாய்?

போன கடிதத்தில் 'அவர்', இதில் 'அவன்'. கவனித்திருப்பாய். காகிதத்தில் மட்டுமாவது இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவன் முட்டாள் இல்லை. அருகில் இன்னொருவர் என்றால் என்ன என்று யோசித்தான். அடுத்த தடவை போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தான். உன் மெஷின், "உங்கள் கவனம் வேறு பக்கம் செல்கிறது. திரையை மட்டும் பாருங்கள்" என்றது. நான் கதவைப் பார்த்திருக்கிறேன். எனக்கே தெரியாது. "எங்கடி போச்சு கண்ணு?" என்று பிடரியைப் பிடித்து என் முகத்தைச் சுவரில் மோதினான். புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அதற்கடுத்த தடவை, "உங்கள் விவரங்களை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்" என்றது.

இப்போது எனக்கு வகுப்பு நடக்கிறது. வேலையிலிருந்து வந்து சமைத்து முடித்ததும் மேசையில் உட்கார வேண்டும். என் பெயரை, நான் பிறந்த தேதியை, விடாமல் தட்ட வேண்டும். எழுத்தில் விரல் நின்றால் முதுகில் ஒன்று. பட்டறையிலிருந்து ஒரு பழைய ஃபேன் பெல்ட் கொண்டுவந்திருக்கிறான். ரப்பர் என்பதால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது, சதையில் மட்டும் இறங்கும். கண் திரும்பினால் இரண்டு. நேற்று அவன் குனிந்தபோது காதைக் கடித்துவிட்டேன். தையல் போட்டிருக்கிறான். எனக்குப் போட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா, உன் மெஷின் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பாடம் எடுக்கிறது. எங்கே அடித்தால் வழிக்கு வருவேன் என்று அதுதான் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வாக்கியங்களை உட்கார்ந்து எழுதியவன் நாசமாய்ப் போக.

தங்கை


மார்ச் 27

அம்மாடி,

அவற்றை எழுதியது நான்தான்.

முன்பெல்லாம் மெஷின், "இப்போது முடியவில்லை" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. ஏன் என்றே தெரியாமல் போன் செய்து அழுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை பிடித்தேன். எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கண் சிமிட்டாமல் திரையைப் பார்ப்பார் என்பதால் ஆந்தை என்று பெயர். அவர் ஒருவர்தான் எதிர்த்தார். "எந்த ஜன்னல் பூட்டலைன்னு திருடனுக்கு போர்டு எழுதி மாட்டுறியேம்மா" என்றார். "வர்றவங்க எல்லாம் திருடங்க இல்ல சார், பாதிப் பேர் பயந்தவங்க" என்று நான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பயந்தவளின் பக்கத்திலேயே திருடன் நின்று, அவளுக்கு வரும் வாக்கியத்தைப் படிப்பான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் பதிவுகளைத் தேடித் திறந்தேன். சொந்தக்காரர் பதிவைத் திறப்பது வேலை போகிற குற்றம். போகட்டும். ஒன்றில், மெஷின் மறுத்ததும் பக்கத்திலிருந்து ஒரு கை நுழைகிறது. அந்தக் கை வருவதற்கு முன்பே உன் கண் மூடிக்கொள்கிறது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறகு அதே காரணங்களுக்காக மறுக்கப்பட்ட மற்றவர்களைப் பார்த்தேன். நிறையப் பெண்கள். ஒரு கிழவர், பின்னால் நிற்பது மகன் என்று நினைக்கிறேன். முதல் தடவை எல்லோரும் மிரண்டு பக்கத்தில் பார்க்கிறார்கள். அடுத்தடுத்த தடவை நேராகப் பார்க்கக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். கிழவரின் கன்னம் ஒரு தடவை வீங்கியிருக்கிறது. நான் எழுதிய வாக்கியங்களைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் வகுப்பு நடக்கிறதோ தெரியவில்லை.

ஆந்தையிடம் போய் நின்றேன். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கே அத்தனை வாக்கியங்களையும் நீக்க உதவினார். இன்னொன்றும் சேர்த்தோம். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தால், இனி மெஷின் வெளியே சிரித்துக்கொண்டு 'சரி' என்று பச்சை எழுத்தில் சொல்லும். பணம் போகாது. விஷயம் சத்தமில்லாமல் என் மேசைக்கு வரும். யார் பெயரில் கடனோ அவரை மட்டும் நேரடிச் சரிபார்ப்புக்குத் தனியாக வரச்சொல்லி அழைப்போம். உன் ஊரில் எங்கள் மையம் ஒன்று இருக்கிறது. அந்த அறைக்குள் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி. அங்கிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். நடிக்காதே. பயமாக இருந்தால் பயந்தபடியே இரு. உன் கண் அவன் பக்கம் போகட்டும். மெஷின் பார்த்துக்கொள்ளும்.

என்னை மன்னிக்காதே. பதில் மட்டும் போடு.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

பயந்தபடியே இரு என்கிறாய். அது எனக்கு இப்போது வரமாட்டேன் என்கிறது.

நான் நன்றாகப் படித்துவிட்டேன். என் கண் எங்கும் போவதில்லை. நேற்றுக் காலையில் சோதித்துப் பார்க்க, நான் போனைப் பிடித்திருக்கும்போது எனக்குப் பின்னால் ஒரு தட்டைத் தரையில் போட்டு உடைத்தான். சில்லு ஒன்று என் கெண்டைக்காலில் ஏறியது. நான் இமைக்கவில்லை. "இப்பதான்டி பொண்டாட்டி" என்று தோளைத் தட்டினான். உன் கடிதம் என் உள்பாவாடைக்குள் இருந்தது. அவன் பக்கம் பார், பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கழுத்து திரும்பவில்லை.

நேற்று மாலை நிஜமாகவே செய்தான். 'சரி' என்று பச்சை எழுத்து வந்தது. அது உன்னுடைய சரியா, இல்லை நிஜமான சரியா?

பட்டறைக்குப் பின்னால் பெயிண்ட் அறைக்கு அஸ்திவாரம் என்று ஒரு குழி வெட்டியிருக்கிறான். பச்சை எழுத்து வந்த சந்தோஷத்தில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். அதில் என்னை இறங்கிப் படுக்கச் சொன்னான். படுத்தேன். "கரெக்டா இருக்கு" என்று சிரித்தான். "பணம் வந்தப்புறம் உன் மூஞ்சிய வெச்சு நான் என்ன பண்றது?" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானாம். கை கொடுத்துத் தூக்கியும் விட்டான்.

எனக்குச் சாக இஷ்டமில்லை அக்கா. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

தங்கை


ஏப்ரல் 10

அம்மாடி,

பாய்லர் அக்காவின் கையிலேயே கொடுக்கச் சொல்லி கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கொதிகலன் அடுப்பில் போட்டுவிடு.

அது நிஜமான சரி. மெஷினுக்கு உன்மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அந்த வாரம் வந்தவர்களில் மிகச் சுத்தமான ஆள் நீதான். அப்படியே விட்டிருந்தால் பணம் மறுநாள் காலை போயிருக்கும். உன் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் குழியை அவன் மூடியிருப்பான்.

நிறுத்தியது மெஷின் இல்லை, நான். கிழவரைப் பார்த்ததிலிருந்து, பயந்தவர்களை விட்டுவிட்டுப் பயமே இல்லாதவர்களைத் தேட ஆரம்பித்திருந்தேன். மனுஷர்கள் என்றால் மூக்கைச் சொறிவார்கள். பெயரை ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை மெதுவாகவும் தட்டுவார்கள். உன் கடைசிப் பதிவில் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இல்லை. இப்படித் தன் பெயரைத் தட்ட யாருக்கும் தானாக வராது, யாராவது அடித்துத்தான் வரவைக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அலறிவிட்டேன். ஆந்தை எழுந்து ஓடிவந்தார். கையால் நிறுத்தினேன்.

அவன் போனுக்கு அழைப்பு போயிருக்கும்: கடன் சம்மதம், கடைசியாக ஒருமுறை நேரில் முகம் காட்ட வேண்டும், வியாழக்கிழமை காலை. அவன் உன்னைக் கூட்டி வருவான். காவலாளி அவனை வாசலிலேயே உட்காரவைப்பார். நீ மட்டும் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வா. நான் உள்ளே இருப்பேன். கதவைப் பூட்டுவேன். பின்வாசலில் பாய்லர் அக்கா சலவை வண்டியோடு நிற்பாள். உன் பதிவுகளையும் கிழவருடையதையும் மற்றவர்களுடையதையும் ஓர் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஜீப்பை எவன் பட்டறையிலும் விடுகிறவர் இல்லை. அவனைப் பிடிக்க அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வியாழன் வரைக்கும் அவனுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள். காதைக் கடிக்காதே.

அக்கா


ஏப்ரல் 29

அம்மாடி,

சிறைக்குக் கடிதம் போட்டால் அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்களாம். அதனால் இதை உன் வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். என் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குப் பேசக்கூடாது. என் வாயை அடைக்க ஒருவன் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். எல்லாம் முடிந்த பிறகு வந்தார். சாலையில் நெரிசலாம். நான் பூட்டியது கண்ணாடிக் கதவுதானே! உள்ளே பூட்டும் சத்தம் கேட்டதும் அவன் காவலாளியைத் தள்ளிவிட்டு, வரிசைக் கயிறு கட்டும் இரும்புக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை உடைத்து வந்தான். உனக்கும் அவனுக்கும் நடுவில் நான் நின்றது நினைவிருக்கிறது. கம்பம் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தரையின் குளிர்ச்சி மட்டும்தான். அவன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

வக்கீலம்மா சொல்வதைக் கவனமாகக் கேள். அறையில் இருந்த ஒரே கேமரா, முகம் எடுக்கும் கேமரா. அது மாட்டியிருந்த ஸ்டாண்டைத்தான் நீ எடுத்து அடித்திருக்கிறாய். படத்தில் கூரையும் தரையும் சுழல்வது தவிர எதுவும் இல்லை. சத்தமும் பதிவாகாது. ஆனால் அந்தக் கேமராவுக்குள் அசைவை அளக்கும் கருவி உண்டு. முதல் அடி அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓர் இடைவெளி. அப்புறம்தான் மற்ற அடிகள். ஒரே மூச்சில் அடித்திருந்தால் அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது. நின்று, யோசித்து, மறுபடி அடித்திருந்தால் அது கொலை.

அதைப் படித்துச் சொல்லும்படி நீதிமன்றம் கம்பெனியைக் கேட்டிருக்கிறது. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆகவே ஆந்தைதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சும்மா. நீ என்ன எழுதித் தர்றியோ அதுல போடுறேன்" என்றார். அவர் கண் மங்கவில்லை, உனக்குத் தெரியும். கேமரா அதிர்ந்ததில் பதிவு தடைப்பட்டு இடைவெளி போலத் தெரிகிறது, அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தவைதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதி வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இதுதான் நான் தெரிந்தே பாஸ் பண்ணும் முதல் பொய். எனக்கு வெட்கமே இல்லை. நீ செய்ய வேண்டியது, எதுவும் நினைவில்லை என்று சொல்வது மட்டும்தான்.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

கேட்கிறேன். என்ன நடந்தது?

அக்கா


மே 6

அக்கா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

முதல் அடி உனக்காக. நீ கீழே கிடந்தாய், உன் பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. கையில் கிடைத்ததை எடுத்து அடித்தேன். அவன் விழுந்தான். கம்பம் அவன் கையிலிருந்து உருண்டு போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தான், கால் மடங்கிக்கொண்டது. நான் போயிருக்கலாம். பின்வாசல் திறந்திருந்தது, பாய்லர் அக்கா வண்டியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அப்போது அவன் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்: "போ. எவ்வளவு தூரம் போவ? உன் அக்காதான் இதுக்கெல்லாம் காரணம்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இவ வீட்டுலயே வந்து நிக்கிறேன்."

அதுதான் அந்த இடைவெளி. நான் யோசித்தேன். பாய்லர் அக்கா வீட்டுக்காரரின் கோலை யோசித்தேன். பட்டறையில் நின்ற ஜீப்பை யோசித்தேன். உன் வீட்டுக் கதவை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அதில் சுத்தியல் விழுவது கேட்டது. அவன் பயமுறுத்தவில்லை, செய்யப்போவதைச் சொல்கிறான் என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது. பிறகு அடித்தேன். அவன் பேச்சு நின்ற பிறகும் அடித்தேன். அதையும் எழுதிக்கொள்.

வருத்தமா என்றால், இங்கே வந்து சில நாள் தூங்க முடியவில்லை. அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. மனுஷத் தலை அது, வண்டித் தகரம் இல்லை. ஆனாலும் அவன் உயிரோடு வந்து வாசலில் நின்றால் மறுபடி எடுப்பேன். இரண்டும் உண்மை, என்னால் ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றில்லை.

நீ எழுதி வைத்த வரியைக் கிழித்துப்போடு. பாவம், அந்தப் பெரியவரை இந்த வயசில் பொய்க் கையெழுத்துப் போட வைக்காதே. உன் நல்ல பேருக்காகச் சொல்லவில்லை, உனக்கு அந்தக் கொழுப்பு கொஞ்சம் குறைந்தால் நல்லதுதான். அந்தக் கிழவருக்காகச் சொல்கிறேன். அவரும் அந்தப் பெண்களும் கோர்ட்டில் வந்து வாய் திறந்து பேச மாட்டார்கள். நானும்கூட அன்றைக்குப் பேசியிருக்க மாட்டேன். அவர்களுக்கு இருப்பது உன் சத்தமில்லாத சாட்சிகள்தான். எனக்காக அதை ஒரு தடவை பொய்யாக்கினால், நாளைக்கு அந்த மகனின் வக்கீல் எழுந்து நின்று "இவங்க மெஷின் தங்கச்சின்னா ஒண்ணு சொல்லும், மத்தவங்கன்னா ஒண்ணு சொல்லும்" என்பான். கிழவர் திரும்ப அந்த வீட்டுக்கே போவார். அங்கே அவருக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நினைவில்லை என்றும் நான் சொல்லப்போவதில்லை. நினைவில்லாத முகம் எப்படி இருக்க வேண்டும் என்று வக்கீலம்மா நேற்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார், நல்ல மனசோடுதான். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இனி யார் சொல்லியும் நான் ஒரு முகம் வைத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை வருஷம் போடுகிறார்களோ போடட்டும். அவன் சுத்தியலையும் பெல்ட்டையும் குழியையும் நானே வாயால் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு பண்ணட்டும்.

தாடை சேர்ந்ததும் வந்து பார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அந்த இடைவெளியில் ஸ்டாண்டு ஆடியதா என்று கோர்ட்டில் உங்களைக் கேட்பார்கள். ஆடவில்லை என்று இருந்தால் ஆடவில்லை என்றே எழுதிக் கொடு. அன்றைக்கு என் கை நடுங்கவில்லை.

தங்கை